அவள் தோளில் மின்னியது

சீசன் நேரம். நாள் முழுக்கப் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் டிசைன் செய்து கண் எரிந்தது. சிவகாசியில் விருதுநகர் பஸ் ஏறி, பாதியில் விட்ட பழைய கறுப்பு வெள்ளை பிரெஞ்சுப் படத்தைப் போனில் போட்டேன்.

இரவு விடுதியில் ஆடும் ஒருத்தி, விட்டுப்போன காதலனுக்காகக் காத்திருக்கிறாள்.

பக்கத்து சீட்டில், பட்டாசுக் கம்பெனியில் வேலை முடித்து வந்த ஒரு அக்கா எட்டிப் பார்த்தார்.

"இவ எந்தக் கம்பெனி தாயி?"

"கம்பெனி இல்லக்கா, டான்ஸ் ஆடுறவ."

"அப்புறம் என்ன, தோளெல்லாம் பட்டாசு மருந்து மின்னுது?"

ஜிகினா என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் தன் கழுத்தைக் காட்டினார். அதே வெள்ளி மினுமினுப்பு. அலுமினியப் பவுடர்.

"எம்புட்டு சோப்பு போட்டாலும் போகாது."

போனை அவர் பக்கம் சாய்த்தேன். இருவரும் சேர்ந்து பார்த்தோம். கடைசியில் காதலன் காரில் வந்து அவளை அழைத்துப் போனான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆமத்தூர் வந்ததும் அக்கா எழுந்தார்.

"நல்லா இருக்கட்டும். மேல மருந்தோட, குளிக்காம அடுப்புப் பக்கம் போயிறக் கூடாதுன்னு யாராச்சும் அவகிட்டச் சொன்னாகளா?"

இந்தப் படத்துக்கு எத்தனையோ விமர்சனம் படித்திருக்கிறேன். ஒருத்தரும் இதைக் கேட்கவில்லை. உங்களில் யாராவது?