முக்குளிப்பான் குட்டை

இன்று என் மகளின் கையில் ஈரக் களிமண் மணத்ததும், இப்போது வீட்டுமனைகளாகிவிட்ட அந்தக் குட்டை கண்முன் வந்தது. விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனிக்காக மண் வெட்டிய பள்ளத்தில் மழைநீர் தேங்கி, கோரை மண்டி, முக்குளிப்பான் பறவைகள் நாளெல்லாம் கூவிக் கிடந்த குட்டை. என் சின்ன வயதில் ஒருமுறை மறுபடி மண்ணெடுக்க, மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைக்கக் கம்பெனி ஆட்கள் வந்தார்கள். அங்கே வேலை பார்த்த அம்மா குறுக்கே நின்றாள்.

"கோரையில முட்டை இருக்குதுங்க. குஞ்சு பொரிக்கிற வரைக்கும் அந்த மூலைய வுட்டுடுங்க."

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "சரி, நீங்களே கரை கட்டிக்குங்க."

அந்த மூலையில் மட்டும் தண்ணீர் வடியாமல் நிற்க, அம்மாவும் நானும் தோழி செல்வியும் களிமண்ணை மிதித்து மிதித்துக் கரை கட்டினோம். ஸ்கூல் விட்டதும் தினமும் அங்கேதான் ஓடுவோம். ஒருநாள், தாய்ப்பறவையின் முதுகில் வரிவரியாய் இரண்டு குஞ்சுகள்!

"வந்துடுச்சி, வந்துடுச்சி!" என்று செல்வி கத்தியதில், மேஸ்திரியே மோட்டாரை நிறுத்திவிட்டு ஓடி வந்து கரைமேல் ஏறினார்.

"மெதுவாங்க, கரை ஒடஞ்சிடப் போவுது!" என்று அவரையே அதட்டினாள் அம்மா.