மலைமேல் ஒரு பகல் தூக்கம்

இந்த வாரம் கொட்டாவி விட்டுக்கொண்டேதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிறு கேம்பர் வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, அரூருக்கு அந்தப் பக்கம் மலைமேல் ஒரு ஏரிக்கரைக்குப் போனோம். நானும் என் வீட்டுக்காரரும் மட்டும். வேனுக்குள்ளேயே கட்டில், ஃபேன், திரைச்சீலை எல்லாம் உண்டு. முக்கியமாக, கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள்!

இயற்கையை ரசிக்கவா போனேன்? தூங்கப் போனேன். மகள் கல்யாணம் முடிந்தும் நல்லம்பள்ளியில் எங்கள் வீட்டு அடுப்பு அணையவில்லை. கல்யாணத்துக்கு வர முடியாதவர்கள் எல்லாம் இப்போது குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். சாப்பிடச் சொல்லாமல் அனுப்ப முடியுமா? ஒரே ஒரு பகல், யாரும் எழுப்பாமல் தூங்க வேண்டும். கேட்டது அவ்வளவுதான்.

அரூரில் டீ குடிக்க நிறுத்தியபோது இவர் போனை எடுத்தார்.

"யாருக்குங்க?"

"முருகேசனுக்குத்தான். அவன் ஊரு வழியாப் போயிட்டு ஒரு வார்த்தை சொல்லலைன்னா தப்பா நெனப்பான். மலைமேல ஏரிக்குப் போறோம், வர முடியாதுன்னு சொல்லிடறேன்."

முருகேசன் இவருடைய சித்தப்பா மகன். நம் பக்கத்தில் சொந்தக்காரர் ஊரைத் தாண்டும்போது எட்டிப் பார்க்காவிட்டால் குற்றம். வர முடியாது என்று சொல்லிவிட்டுப் போனால்..? அவர்களே வந்துவிடுவார்கள்! இத்தனை வயசில் இது இவருக்குத் தெரியாதா?

ஏரிக்கரையில் வேனை நிறுத்தி, திரையை இழுத்துவிட்டுப் படுத்தேன். ஜில்லென்று காற்று. கண் சொருகும் நேரத்தில் வெளியே கார் வந்து நின்றது.

"அண்ணி! நீங்க வரலைன்னா என்னங்க, நாங்க வந்துட்டோம்!"

முருகேசன்தான். கையில் நாட்டுக்கோழி. பின்னால் அவர் மனைவி செல்வி, இடுப்பில் குண்டான், தோளில் மளிகைப் பை.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. 'வாங்க' என்றேன், தலைவலி என்றேன், தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டேன். வீட்டில் இதைச் செய்திருந்தால் ஊரே பேசியிருக்கும்.

தூக்கம் வந்ததா? எங்கே! ஜன்னல் வழியாகச் செல்வி தெரிகிறாள். கல் கூட்டி அடுப்பு மூட்டுகிறாள், வெங்காயம் உரிக்கிறாள், கோழியை வதக்குகிறாள். ஆண்கள் இருவரும் மடக்கு நாற்காலியில் சாய்ந்துகொண்டு தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்த கதை பேசுகிறார்கள்.

கொஞ்ச நேரத்தில் கதவை மெல்லத் தட்டினாள் செல்வி.

"அக்கா, மாத்திரை போட்டீங்களா? நீங்க தூங்குங்க. வூட்டுல ஆக்கறத இங்க ஆக்கறேன்... எனக்கென்ன."

கோபமாகச் சொல்லியிருந்தால் திரும்பிப் படுத்திருப்பேன். அலுத்துப்போய்ச் சொன்னாள். அந்த அலுப்பு எனக்கு நன்றாகத் தெரியும்.

கதவைத் திறந்தேன். அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கி வெளியே வைத்தேன்.

"உள்ள வா."

"ஐயோ அக்கா, கோழி அடுப்புல இருக்குது..."

"இருக்கட்டும். வந்து படு."

மறுபடி தாழ்ப்பாள். ஒரே கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தோம். மாமியார் கால்வலி பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தவள், வாக்கியம் முடிவதற்குள் தூங்கிப்போனாள். வாய் திறந்து, குழந்தை மாதிரி. எனக்குப் பொறாமையாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

வெளியே கருகல் வாசனை. பிறகு முருகேசனின் பதறிய குரல்.

"செல்வி! கொழம்புக்கு எவ்ளோ தண்ணி ஊத்தறது?"

அவளை எழுப்ப மனசு வரவில்லை. நானே ஜன்னல் வழியாகச் சொன்னேன்:

"ஒரு ஏரியே இருக்குதுங்க தம்பி... பாத்து ஊத்துங்க!"