மூன்று நிமிடக் காற்று

"மூணு நிமிசமாச்சுங்க" என்று வெளியூர் டிரங்க் காலை மூன்று நிமிடத்தில் துண்டிக்கும் இணைப்பகத்துப் பெண் சொல்லும் குரல் இன்றும் என் காதில் எரிச்சலோடுதான் ஒலிக்கிறது. எழுபதுகளில், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிகளைப் பழுதுபார்க்கும் பெரியப்பாவின் பட்டறையில் ஒரு கறுப்புத் தொலைபேசி இருந்தது. சூறைக்காற்றோ ஆலங்கட்டி மழையோ கண்டால் உடனே கூப்பிட்டுச் சொல்லும்படி, தொலைபேசி வைத்திருந்த சிலரைச் சேலத்து வானிலை அலுவலர் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். பெரியப்பா அவர்களுள் ஒருவர். கோடையில் எங்கள் பக்கம் எழும் காற்று, சேலம் போகும் வழியிலுள்ள நெசவூரான ஆட்டையாம்பட்டியைத் தொடச் சற்று நேரமாகும். அதற்குள் செய்தி சேலம் போய், அங்கிருந்து வழியிலுள்ள அஞ்சலகங்களுக்குப் போய்விட்டால், வெயிலில் காயும் நூலை நெசவாளர்கள் உள்ளே எடுத்துவிடலாம். ஏற்பாடு அழகானது. அதில் பேச வேண்டியவர்தாம் என் பெரியப்பா.

அப்போது நான் கல்லூரி மாணவன்; மேடைப்பேச்சில் எச்சரிக்கை மணிக்கு முன்பே முடிப்பவன் என்ற செருக்கு எனக்குண்டு. முதல் வாக்கியத்திலேயே பொருளைச் சொல்லிவிடுங்கள் என்று அவரிடம் பலமுறை வாதாடினேன்.

"எடுத்த எடுப்புல காத்துன்னா அவரு என்ன நெனப்பாரு? ஊட்டுக்கு வந்தவங்களத் தண்ணி குடுக்காம நிக்க வெப்பமா?"

"அவரு ஊட்டுக்கு வரலீங்க பெரியப்பா, போன்ல இருக்கறாருங்க."

"அதான் சாமி. போன்ல தண்ணி குடுக்க முடியாது. வார்த்தைலதான குடுக்கோணும்?"

பேச்சுப் போட்டிகளில் எத்தனையோ கோப்பைகளை வென்ற நான், அவருக்கே ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு கொடுத்தேன்.

ஒரு சித்திரையில், என்னோடு மேடைகளில் வாதிடும் ஆட்டையாம்பட்டி நண்பன் ஒரு நற்செய்தி சொன்னான். பிறர் தறிகளுக்கே சாயம் தோய்த்துவந்த அவன் தாய், முதன்முறையாகத் தம் சொந்தத் தறிக்கான நூலைத் தோய்த்து மூங்கில் கழிகளில் காயப் போட்டிருக்கிறாராம். அன்று பிற்பகலே மேற்கு வானம் செம்மண் நிறமாயிற்று. பட்டறையின் தகரக் கூரையில் ஆலங்கட்டிகள் விழுந்தன. பெரியப்பா அவசர அழைப்புக்குச் சொன்னார். வியக்கத்தக்க விதமாய் உடனே இணைப்புக் கிடைத்தது.

"வணக்கமுங்க. நல்லாருக்கறீங்களா? ஊட்ல அம்மிணிக்குக் கால்வலி தேவலைங்களா?" அலுவலரும் இந்த மண்ணுக்காரர், அங்கிருந்தும் நலம் விசாரிப்பு வந்திருக்க வேண்டும். "ஆமாங்க, பேரன் நடக்கறானுங்க" என்றார் பெரியப்பா. நான் கூரையைக் காட்டினேன், வானத்தைக் காட்டினேன், கைகூப்பினேன். மேடையில் எவரையும் இடைமறிக்கும் எனக்கு, பெரியவர் கையிலிருந்த ரிசீவரைப் பிடுங்கும் துணிவு மட்டும் வரவில்லை. அப்போதுதான் "மூணு நிமிசமாச்சுங்க" என்று அந்தக் குரல் குறுக்கிட்டது. "ஆவட்டுமுங்கம்மா, நீங்க சாப்டாச்சுங்களா?" என்று அந்தப் பெண்ணையும் விசாரித்துவிட்டு, "ஏனுங்க, இங்க காத்து..." என்று அவர் தொடங்கியபோது இணைப்பு அறுந்தது. மறுபடி கேட்டபோது கம்பியே அறுந்திருந்தது.

மறுநாள் கல்லூரி வாசலில் நண்பன் நின்றான். நூலெல்லாம் வேலிமுள்ளிலும் சேற்றிலும் கிடந்ததாகச் சொன்னான்.

"உங்க பெரியப்பா போன் பண்ணலையா?"

"பண்ணுனாரு."

"என்ன சொன்னாரு?"

"நல்லாருக்கறீங்களான்னு கேட்டாரு."

அவன் சிரிக்கவில்லை. அவன் தாய் மீண்டும் பிறர் நூலுக்கே சாயம் தோய்த்தார். அந்த ஆண்டு அவன் என்னோடு மேடையேறவும் இல்லை.

இப்போது சேலம் சூரமங்கலத்தில் என் மேசைமீதே தொலைபேசி இருக்கிறது. எண்ணைச் சுழற்றினால் ஊர் கிடைக்கிறது. இடையில் எந்தப் பெண்ணும் இல்லை. சென்ற வாரம் பெரியப்பாவே கூப்பிட்டார்.

"சாப்டயா சாமி?"

"ஆச்சுங்க. அங்க காத்துங்களா?"

"இரு கண்ணு, பொறவு சொல்றேன். கொழந்தைக்குச் சளி தேவலையா?"

தேவலை என்றேன். மருமகள் எப்படி என்றார். நன்றாயிருக்கிறாள் என்றேன். அவர் அடுத்த நலத்தை விசாரிக்கையில் என் சன்னல் கதவு படாரென்று அடித்தது, மேசைத் தாள்கள் பறந்தன, தொலைபேசி ஊமையாயிற்று. மூன்று நிமிடம் ஆகியிருக்காது.