கப்பல் விட்டுப்போன டாக்டரம்மா

டிவியில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் விண்வெளித் தொடர் ஒன்று வந்துகொண்டிருந்தது. ஆம்பூரில் பாதிப் பேருக்கு ஞாயிறு வேலைநாள். என் அப்பா மேஸ்திரியாக இருந்த, தோல் பதனிடும் டேனரிக்கும் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. அவர் விடியற்காலை ஆராதனைக்குப் போய்விட்டு, அப்படியே சைக்கிளை மிதித்து வேலைக்குப் போய்விடுவார். நானும் அம்மாவும் அடுத்த ஆராதனை முடிந்ததும், வாசலில் போதகர் ஐயரிடம் தோத்திரம் சொல்லக்கூட நிற்காமல், பின் தெருவிலிருந்த பாய் வீட்டுக்கு ஓடுவோம். எங்கள் வட்டாரத்தில் டிவி அங்கேதான் இருந்தது.

வெளிநாட்டில் வருஷக்கணக்காக ஓடிய தொடராம் அது. பூமிக்குத் திரும்பும் வழி தெரியாமல் நட்சத்திரங்களுக்கு நடுவே அலையும் ஒரு கப்பல், அதற்கு ஒரு கேப்டன், அவருக்குக் கீழே ஒரு கூட்டம். பேச்செல்லாம் வேகமான இங்கிலீஷ். அம்மா மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ். வெள்ளைக்கார டாக்டர்களோடு வேலை பார்த்தவள் என்பதால் மொழிபெயர்ப்பு அவள் பொறுப்பு. வார்த்தைக்கு வார்த்தை சொல்வாள் என்று மட்டும் எதிர்பார்க்கக் கூடாது. கேப்டன் மேசையைத் தட்டிக் கத்தினால், "இந்த ஆளுக்கு பிரஷர் ஜாஸ்தி, மாத்திரை போடறதில்ல போல" என்பாள். பாய் வீட்டம்மா அதையும் வசனம் என்றே எடுத்துக்கொண்டு தலையாட்டுவார். சண்டை வந்தால் இருவரும் வெங்காயம் உரிப்பார்கள். யாராவது யாரையாவது பிரியும்போதுதான் கை நிற்கும்.

பிரிவுக்கு அதில் பஞ்சமே இல்லை. கப்பலின் என்ஜின் அறையில் ஒரு கிழவர் இருந்தார். தன் தாயின் முகம் மறந்துபோய்விட்டதே என்று அவர் தேம்பிய அன்று, பாய் வீட்டில் மதியச் சாப்பாடு சாயங்காலம்தான் தயாரானது. ஆனால் எங்களை ஒரேயடியாக உலுக்கியது கப்பலின் டாக்டரம்மாதான். ஏதோ ஒரு கிரகத்தில் கொள்ளைநோய். நோயாளிகளை விட்டுவர மனமில்லாமல் அந்தப் பெண் அங்கேயே தங்கிவிடுகிறாள். கப்பலோ கிளம்பியாக வேண்டும். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கேப்டன், இந்தப் பக்கம் அவள். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மொழிபெயர்க்க எதுவுமில்லாத அம்மா, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

அம்மா யாரை நினைத்து அழுதாள் என்று எனக்குத் தெரியும். என் அக்காவும் நர்ஸ். முந்தின வருஷம்தான் திருப்பத்தூர்ப் பையன் ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவனும் கிறிஸ்தவன்தான், ஆனால் கத்தோலிக்கன்; நாங்கள் புராட்டஸ்டன்ட். எங்கள் ஊரில் இரண்டு கோயில்களுக்கும் நடுவே ஒரு பழக்கடைதான் உண்டு; அப்பாவுக்கு அது கடலாகத் தெரிந்தது. அவர்கள் கோயிலில் தாலி கட்டிக்கொண்ட அக்கா, மாப்பிள்ளைக்கு டேனரியில் வேலை கிடைத்த கான்பூருக்குப் போய்விட்டாள். அப்பா கத்தவில்லை, திட்டவில்லை. தினமும் இரவு நடக்கும் குடும்ப ஜெபத்தில் அவள் பெயரை மட்டும் விட்டுவிட்டார்.

எங்கள் வீட்டு ஜெபத்தில் பெயர்களுக்கு ஒரு வரிசை இருந்தது. ஆலங்காயத்து அத்தையின் முழங்கால் வலி, அம்மா, அக்கா, கடைசியில் நான். இப்போது அம்மாவின் பெயரைச் சொல்லி, ஒரு மூச்சு விட்டு, நேராக என் பெயருக்கு வந்துவிடுவார். அந்த மூச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்பா முடித்த பிறகு அம்மா தன் விண்ணப்பத்தைச் சொல்லலாம். அங்கே அக்காவின் பெயரைச் சொல்ல அவளுக்குத் துணிச்சல் இல்லை.

டாக்டரம்மாவைக் கப்பல் விட்டுப்போன அன்று இரவு, தூர தேசத்தில் தன்னந்தனியாக நிற்கிற அந்த டாக்டர் பெண்ணைக் காப்பாற்றும் என்று அம்மா ஜெபித்தாள். நான் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தேன். அவள் இறுக மூடியிருந்தாள். ஜெபம் முடிந்ததும் யார் அது என்று அப்பா விசாரித்தார். நோயாளிகளைப் பார்க்க நின்றுவிட்டாள், கப்பல் போய்விட்டது என்றாள் அம்மா. அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. டிவி பக்கமே போகாத அப்பா, யாரோ மிஷன் டாக்டர், ஏதோ தீவு என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து அந்த விண்ணப்பத்தை அவரே எடுத்துக்கொண்டார். அந்நிய தேசத்தில் திக்கற்று நிற்கிற உமது அடியாளைக் கண்ணோக்கும் கர்த்தாவே என்று வேதாகமத் தமிழில் உருகுவார். அம்மாவின் பெயருக்கும் என் பெயருக்கும் நடுவில், அக்கா இருந்த இடத்தில்தான் அவளை வைத்தார். பெற்ற மகளுக்கு இல்லாத இடம் ஒரு டிவிக்காரிக்குக் கிடைத்துவிட்டதே என்று எனக்கு ஆத்திரம். உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்று அம்மாவிடம் சண்டைக்குப் போனேன்.

"இருக்கட்டும் விடு. யாரோ ஒரு பொண்ணுக்காகவாவது மனசு எளகுது இல்ல" என்றாள்.

ஞாயிறு சாயங்காலம் தோல் வாசனையோடு வீட்டுக்குள் நுழையும்போதே டாக்டரம்மாவைப் பற்றித் தகவல் உண்டா என்று கேட்பார். அவளைக் கூட்டிவர இன்னும் கப்பல் போகவில்லை என்பாள் அம்மா. அவர் உச்சுக்கொட்டிக்கொண்டே கை கழுவப் போவார். இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஐயரிடமும் சொல்லிவிட்டார். உபவாச ஜெபத்தில் சபையே முழங்கால் போட்டு விண்வெளி டாக்டருக்காக மன்றாடியது. நான் சிரிப்பை அடக்கமாட்டாமல் இருமினேன். அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை.

பிறகு ஒரு பக்ரீத், ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. டேனரிக்கு விடுமுறை. பாய் வீட்டில் எங்கள் மூவரையும் மதியம் பிரியாணிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நேரம் கழித்துப் போகலாம் என்று அம்மா எவ்வளவோ சாக்கு சொல்லிப் பார்த்தாள். அப்பா எங்கேயும் முன்னதாகப் போகிற ஆள். நாங்கள் உள்ளே போனபோது தொடர் ஓடிக்கொண்டிருந்தது. பாய் வீட்டம்மா ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க, வாங்க. நம்ம டாக்டரம்மாவக் கூட்டிகினு போக இன்னைக்குத்தான் கப்பல் வந்துருக்குது."

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து டிவியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். மறுபடி டிவியைப் பார்த்தார்.

கப்பலில் சில மாதங்கள்தான் கழிந்திருந்தன. அந்தக் கிரகத்தில் பல வருஷங்கள் ஓடிவிட்டன. டாக்டரம்மாவின் தலை முழுக்க நரைத்திருந்தது. கேப்டன் வாசலிலேயே நின்றார். விட்டுப்போனவர் எந்த முகத்தோடு உள்ளே வருவார்? அவள்தான் எழுந்து வந்து அவரிடம் ஏதோ கேட்டாள். அம்மா, "சாப்டீங்களான்னு கேக்கறா" என்றாள். அந்த இங்கிலீஷில் சாப்பாடு இருந்ததா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். அப்பா மட்டும் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆடிமாதப் புழுக்கம் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்றோ என்னவோ, கழுத்தையும் துடைத்தார்.

சாப்பிட்டதும் அவர் எங்களுக்கு முன்னால் வீட்டுக்கு நடந்தார். இனி ஐயர் முகத்தில் எப்படி விழிப்பார், சபையில் சிரிப்பார்களே என்று அம்மா பயந்து நடுங்கினாள். எனக்கும் அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அத்தனை மாதம் மனதாரக் கேட்ட மனுஷன்.

இரவு ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். ஆலங்காயத்து அத்தையின் முழங்காலைச் சொன்னார். அம்மாவைச் சொன்னார். பிறகு நிறுத்தினார். அது வழக்கமான மூச்சு இல்லை, நீண்டுகொண்டே போனது. நான் கண்ணைத் திறக்கவில்லை. மறுபடி அவர் பேசியபோது வேதாகமத் தமிழ் இல்லை. டேனரியில் முதலாளியிடம் பேசுகிற மாதிரிப் பேசினார்.

"ஆண்டவரே, இத்தினி நாளா அந்தப் பொண்ணுக்குன்னு நான் கேட்டதெல்லாம், எங்க பெரிய பொண்ணுக்கு மாத்திக் குடுத்துடுங்க."

அப்புறம் அக்காவின் பெயரைச் சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அம்மா ஆமென் போட்டுவிட்டாள். அன்றைக்கு என் பெயருக்கு அவர் வரவே இல்லை, நானும் கேட்கவில்லை.