அட்டைக்கடியை எழுத வேண்டாம் என்றேன்

மூன்று வருடங்களுக்கு முன், விடாமல் மழை பெய்துகொண்டிருந்த ஒரு பின்னேரம், கம்பளையில் எங்கள் வீட்டு முன்னறையில் நடந்தது இது. அன்று நான் மட்டும் குறுக்கே பேசியிருந்தால் ஒரு பிள்ளையின் படிப்பே கெட்டிருக்கும். நல்ல வேளை, பயத்தில் எனக்குக் குரல் வரவில்லை.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கண்டியில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருக்கிறேன். எங்கள் சொந்தத்தில் யாருக்கு எந்த விண்ணப்பம் போடவேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். பிரதி எடுத்து, சமாதான நீதவானிடம் ஒப்பமும் முத்திரையும் வாங்கி, கோப்பில் வரிசையாக அடுக்கிக் கொடுப்பேன். நான் போட்ட விண்ணப்பம் திரும்பி வந்ததில்லை என்று கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

என் அக்கா நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். அத்தானுக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை. ஒரே மகள். சின்ன வயதிலிருந்தே எதையாவது பிடித்துப் போத்தலில் போட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பாள். உயர்தரத்தில் உயிரியல் படித்து நன்றாகத்தான் சித்தியடைந்தாள். ஆனால் அவள் ஆசைப்பட்ட பல்கலைக்கழகப் படிப்புக்கு வேண்டிய வெட்டுப்புள்ளியை அவளால் எட்ட முடியவில்லை.

அந்த நேரத்தில்தான் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று முழுச் செலவையும் ஏற்றுச் சில பிள்ளைகளை எடுப்பதாக அவளுடைய ஆசிரியை சொல்லியிருக்கிறார். அக்காவுக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. பல்லேகலயில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் மகளுக்கு இடம் கேட்டு வைத்திருந்தார். என்னிடம் வந்து, "தம்பி, ஒரு தடவ போட்டுப் பாரு. கெடச்சா போகட்டும். கெடைக்கலன்னா கார்மன்ட்டுக்குப் போகட்டும். இன்னொரு வருசம் சும்மா வச்சிருக்க எங்களால ஏலாது" என்றார். அக்கா சொன்னால் சொன்னதுதான்.

நான் உடனே வேலையில் இறங்கினேன். நம் நாட்டில் நேர்முகப் பரீட்சை என்றால் சான்றிதழுக்குத்தானே புள்ளி? எல்லா நாட்டிலும் அப்படித்தான் என்று எனக்கு நினைப்பு. வலைப்பந்து, தமிழ்த்தினப் போட்டி, முதலுதவி வகுப்பு, அறநெறிப் பாடசாலை, ஆறாம் வகுப்பில் கோலம் போட்டு வாங்கியது என்று அவளிடம் இருந்த அத்தனையையும் கொண்டுவரச் சொன்னேன். கோப்பு நல்ல கனமாக வந்தது. எனக்குப் பரம திருப்தி.

அவளோ ஒரு பழைய கொப்பியை எடுத்து நீட்டினாள். "மாமா, இதப் பத்தி எழுதலாமா?"

திறந்து பார்த்தால் உள்ளே முழுக்க அட்டைக்கணக்கு. மழைக்காலத்தில் தேயிலை மலையில் அட்டை காலில் ஏறி ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும். பெண்கள் காலில் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டு போவார்கள். ஒரு மழையிலேயே அது கரைந்துவிடும். ஒரு வருடம் அக்காவின் கால் புண்ணாகி வீங்கியிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் இவள் ஆரம்பித்திருக்கிறாள். அக்கா, அவருடன் கொழுந்து எடுக்கும் ஐந்து பெண்கள், ஆக மொத்தம் ஆறு பேர். ஒரு காலுக்கு வழக்கமான சவர்க்காரம். மற்றக் காலுக்கு இவள் கொடுப்பது. உப்பும் எண்ணெயும் ஒரு வாரம், சுண்ணாம்பு ஒரு வாரம், வேப்பெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து ஒரு வாரம். வேலை விட்டு வந்ததும் ஒவ்வொருவரும் காலை நீட்ட வேண்டும். கடிவாயை எண்ணி எழுதிக்கொள்வாள். இரண்டு மழைக்காலம் இப்படிச் செய்திருக்கிறாள்.

எனக்கு முகம் சுளித்துப்போனது. "பிள்ள, இது வெளிநாட்டு விண்ணப்பம். அட்ட கடிச்ச கதையெல்லாம் எழுதுனா மூக்கப் பொத்திக்குவாங்க" என்று கொப்பியை மூடி அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன். அவள் அதைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

கட்டுரையை நானே எழுதினேன். மனிதகுலத்துக்குச் சேவை செய்வது என் பிறவிப் பயன் என்று ஆரம்பித்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் உள்ள பெரிய பெரிய சொற்களாகப் பொறுக்கிப் போட்டேன். படிவத்தின் கடைசியில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. யாரும் சொல்லாமல் நீங்களாகவே தேடி அறிந்த ஒன்றைப் பற்றிச் சில வரிகள் எழுதச் சொல்லியிருந்தார்கள். எனக்கு அலுத்துவிட்டது. "இத நீயே எதையாச்சும் எழுதி அனுப்பிரு" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். என்ன எழுதினாள் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்தது, கணினி வழியாக. எல்லாம் என் கட்டுரையின் மகிமை என்று நான் அலுவலகம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தோட்டத்தில் சிக்னல் சரியில்லை என்பதால் அக்காவும் மகளும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கெமராவில் விழாதபடி மேசைக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, கோப்பை மடியில் வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்தேன். கேட்ட சான்றிதழைச் சட்டென்று உருவிக் கொடுக்க வேண்டுமே!

திரையில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் வந்தார்கள். வணக்கம் சொல்லி முடித்ததும் அந்த ஆண் என் கட்டுரையிலிருந்து ஒரு வரியை வாசித்து, அதில் வரும் ஒரு சொல்லால் என்ன சொல்ல வருகிறாய் என்று அவளிடம் கேட்டார். நான் அகராதியில் தேடி எடுத்த சொல் அது. அவள் என்னைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் எனக்கே அதன் அர்த்தம் மறந்துபோயிருந்தது.

அவள் திரையின் பக்கம் திரும்பி, நிதானமாக ஆங்கிலத்தில் சொன்னாள். இந்தக் கட்டுரையை என் மாமா எழுதினார். எனக்கு உதவத்தான் எழுதினார். கடைசிப் பெட்டியில் இருப்பதுதான் நான் எழுதியது.

எல்லாம் போச்சு, இனிப் பல்லேகலதான் என்று நினைத்தேன். எழுந்து போய் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்றால் தொண்டையிலிருந்து காற்றுத்தான் வந்தது.

அந்தப் பெண் முன்னால் சாய்ந்தார். உண்மையைச் சொன்னதற்கு நன்றி, நாங்கள் பேச விரும்பியதும் அதைப் பற்றித்தான் என்றார். பெட்டியில் அவள் எழுதியிருந்தது அட்டையைப் பற்றி!

அதற்குப் பிறகு அரை மணி நேரத்துக்கு மேல் அதே பேச்சுத்தான். ஏன் ஒரே ஆளின் இரண்டு கால்கள் என்று கேட்டார்கள். சிலரை அட்டை அதிகம் கடிக்கும், சிலரைக் கடிக்காது, அதனால் ஆளுக்கு ஆள் ஒப்பிட்டால் கணக்குப் பிழையாகிவிடும் என்றாள். ஏன் வாரம் நடுவில் கால்களை மாற்றினாய் என்று கேட்டார்கள். புதருக்குள் எல்லோரும் முதலில் ஒரே காலைத்தான் வைக்கிறார்கள், அது முதல் மாதம் எனக்குத் தெரியவில்லை, அந்த மாதக் கணக்கு பிழை என்று கொப்பியைத் திறந்து சிவப்புப் பேனையால் எழுதியிருந்ததைக் காட்டினாள். பிழையைப் போய்க் காட்டுகிறாளே என்று நான் பல்லைக் கடித்தேன். அவர்களோ இன்னும் கிட்ட வந்து பார்த்தார்கள். என்னதான் கண்டுபிடித்தாய் என்றதும், வேப்பெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்தது மழையில் கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கிறது, ஆனால் ஆறு பேரை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது என்றாள்.

காலைக் கொடுத்தவர்களில் யாராவது அங்கே இருக்கிறார்களா என்று அந்தப் பெண் கேட்டார். குசினிக் கதவருகில் நின்ற அக்காவை மகள் கையைப் பிடித்து இழுத்துவந்தாள். அக்காவுக்கு வெட்கம் ஒரு நிமிடம்தான். பிறகு பிடித்துக்கொண்டார் பாருங்கள்!

"இவகிட்ட நாங்க பட்ட பாடு கொஞ்சமா? ஒரு காலுக்கு ஒரு மருந்து, மத்தக் காலுக்கு வேற மருந்து. களச்சிப்போய் வந்தா வாய்க்குத் தண்ணி ஊத்த விடமாட்டா, மொதல்ல கால நீட்டுங்கம்பா. மலையில எல்லாரும் அட்ட டாக்டருன்னுதான் கூப்புடுறாங்க!"

மகள் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள். அவர்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த மருந்தை இப்போதும் பூசுகிறீர்களா என்று அந்த ஆண் கேட்டதுதான் தாமதம், அக்கா காலைத் தூக்கிக் கதிரையில் வைத்து, "பாருங்க சார், புண்ணு எங்க இருக்கு?" என்று கெமராவை இறக்கிக் காட்டச் சொன்னார். எனக்குத் தலையைக் கொண்டுபோய் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மடியில் இருந்த கோப்பை யாரும் கேட்கவே இல்லை.

மூன்று வாரம் கழித்து, வேலைக்குப் போகும் ரயிலில் இருந்தபோது அவளுடைய அழைப்பு வந்தது. "மாமா, கெடச்சிருச்சு!" முழு உதவித்தொகை, விமானச் சீட்டு உட்பட. நான் போட்ட சத்தத்தில் பெட்டியே திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் இருந்த சிங்களப் பெரியவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். போனில் அவளுக்குப் பின்னால் அக்காவின் குரல் கேட்டது: "கார்மன்ட்டுக்கு வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிரு தம்பி!" சொல்லும்போதே அழுதுவிட்டார். நானும்தான்.

இப்போது அவள் அங்கே மூன்றாம் வருடம் படிக்கிறாள். பூச்சிகளைப் பற்றி ஆராயும் ஒரு குழுவில் அவளையும் சேர்த்திருக்கிறார்கள்.

அன்று நான் அந்தக் கொப்பியை மூடியது அருவருப்பினால் இல்லை என்று பிறகுதான் எனக்கே புரிந்தது. என் காலிலும் அட்டை கடித்த தழும்புகள் இருக்கின்றன. நானும் அதே தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்து, அதே மலையில் அம்மாவின் பின்னால் ஓடித் திரிந்தவன்தான். கண்டிக்கு வேலைக்கு வந்த பிறகு அதை யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. நான் ஒளித்து வைத்திருந்ததையே அந்தப் பிள்ளை வெளிச்சத்தில் நின்று சொன்னாள், சொல்லி ஜெயித்தாள். அதை நினைக்கும்போதெல்லாம் அவளை எண்ணிப் பெருமையாகவும், என்னை எண்ணிக் கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது.