அக்காவின் இச்சி மரம்

அக்கா அந்தச் செடியை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கிய சாயங்காலம் எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. படப்பை சாலையோர நர்சரியில் வாங்கிய கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி. அதில் ஒரு சாண் உயர இச்சிச் செடி. நர்சரிக்காரர் ஃபைகஸ் என்றாராம். ஆலமரத்துக்குத் தங்கை முறை. "இதை போன்சாய் ஆக்கப்போறேன்" என்றாள். போன்சாய் என்றால் என்னவென்று அம்மாவுக்கு விளக்கப் போனதுதான் வினை. மரத்தை வெட்டி வெட்டிக் குட்டையாகவே வைத்திருப்பது என்று கேட்டதும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. "குட்டை மரத்தை வீட்டுல வச்சா, வீட்டுல இருக்கிறவங்க வாழ்க்கையும் அப்படியே நின்னுடும்டி. இருக்கிற பேஜார் போதாதா நமக்கு?"

இருக்கிற பேஜார் என்று அம்மா சொன்னது அக்காவின் உயரத்தை. நான் தம்பி; ஆனால் அவள் என் தோளுக்கும் கீழேதான் நிற்பாள். 'கடுகு சிறுத்தாலும்' என்று எந்தச் சொந்தக்காரராவது ஆறுதல் சொல்லத் தொடங்கினால், காரம் வருவதற்குள் எழுந்து உள்ளே போய்விடுவாள். முதல்முறை பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அம்மா தாம்பரம் மார்க்கெட்டில் அலைந்து ஒரு ஜோடி ஹை ஹீல்ஸ் வாங்கி வந்தாள். வீட்டுக்குள் யார் செருப்போடு நடப்பார்கள் என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. காபித் தட்டோடு அக்கா வெறுங்காலில் வந்து நிற்க, ஹீல்ஸ் வாசலில் வந்தவர்களின் செருப்புகளோடு கிடந்தது. அடுத்தமுறை கோயிலில் வைத்துக்கொள்ளலாம் என்றார் அப்பா. அங்கேயும் கழற்றத்தானே வேண்டும்! கடைசியில் ஓட்டல்தான் தேறியது. அதன்பிறகு எங்கள் வீட்டுப் பெண் பார்க்கும் படலமெல்லாம் இட்லி வடையோடுதான் நடந்தது.

செடி விஷயத்தில் அக்கா முதலில் செய்ததெல்லாம் தப்பு. டிவி பக்கத்து இருட்டு மூலையில் அழகுக்கு வைத்தாள். நாவலூர் ஆபீசுக்குக் கிளம்பும் முன் தினமும் தண்ணீர் ஊற்றினாள். போதாததற்கு, வெறுத்த செடியானாலும் வாயில்லாத ஜீவன் என்று அம்மாவும் மத்தியானம் ஒரு சொம்பு ஊற்றினாள். இலைகள் மஞ்சளாகிக் கொட்டின. 'நான் அப்பவே சொன்னேன்' என்று அம்மா சொல்லவில்லை, முகத்தில் வைத்திருந்தாள். அக்கா அசரவில்லை. தொட்டியைக் கிழக்கு ஜன்னலுக்கு மாற்றினாள். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். சில வாரங்களில் தளிர் விட்டது. பிறகு கத்தரிக்க ஆரம்பித்தாள். வெட்டிய இடத்தில் வடியும் பாலை ஈரத்துணியால் ஒற்றி எடுப்பாள். அலுமினியக் கம்பி சுற்றி ஒரு கிளையை வளைத்தவள், வேலை மும்முரத்தில் கழற்ற மறந்துவிட, கம்பி பட்டையில் பதிந்து தழும்பாகிவிட்டது. அதற்காக ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தாள். எதற்கு இந்தக் கொடுமை என்று நான் கிண்டல் செய்தபோது, "சும்மா வெட்டுறேன்னு நெனச்சியா? எந்தப் பக்கம் போகணும்னு அதுகிட்ட சொல்றேன்டா" என்றாள்.

அந்தச் சமயத்தில் ஓட்டலில் பார்த்த ஓர் இடம் ஏறக்குறைய முடிவாகியிருந்தது. பூ வைக்க நாள் பார்க்கும்போது, அவர்கள் ஒருமுறை வீட்டுக்கு வரட்டும் என்றாள் அக்கா. அம்மா கெஞ்சினாள், அழுதாள். "ஆயுசுக்கும் ஹீல்ஸ் மேல நிக்க முடியாதும்மா. பார்த்துட்டே முடிவு பண்ணட்டும்" என்று சொல்லிவிட்டாள். வந்தார்கள். அக்கா வெறுங்காலோடு நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். காபி நன்றாக இருக்கிறது என்றார். அதற்குப் பிறகு அங்கிருந்து போன் வரவில்லை.

அடுத்த வாரம் ஒரு நாள் அக்கா ஆபீசிலிருந்து திரும்பியபோது ஜன்னலில் தொட்டி மட்டும் காலியாக இருந்தது. அம்மா செடியைப் பிடுங்கி, கீழே காம்பவுண்டு சுவரோரம் தரையில் நட்டிருந்தாள். கம்பிகளையெல்லாம் அவிழ்த்து, அடியில் மஞ்சள் குங்குமம் வேறு வைத்திருந்தாள். "தரையில இருந்தா நெடுநெடுன்னு வளரும்ல. அது வளர்ந்தா உனக்கும் நல்லது நடக்கும்டி" என்றாள். அவள் நகக்கண்ணெல்லாம் மண். அதைப் பார்த்த எனக்குத்தான் அழுகை வந்தது. அக்கா அழவில்லை. ஆபீஸ் பையைக் கூடக் கழற்றாமல் குந்தி உட்கார்ந்து, கைகளாலேயே மண்ணைத் தோண்டினாள். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்: "அவங்களுக்கு நான் போதல. சரி, விடு. உனக்கு நான் போதுமாம்மா, போதாதா? அதை மட்டும் சொல்லு."

அம்மா படியேறிப் போனாள். கோபித்துக்கொண்டுதான் போகிறாள் என்று நினைத்தேன். காலித் தொட்டியை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். அக்கா மண்ணைப் போட்டு அமுக்கும்வரை செடி சாயாமல் பிடித்துக்கொண்டாள்.

இடம் மாற்றி மாற்றி வைத்ததில் இச்சி மொட்டையாகிவிட்டது. குச்சிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாளே என்று அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். அவள் ஊற்றினாள். மழைக்காலம் முடிவதற்குள் இலை வந்துவிட்டது.

இப்போது அது நாவலூரில், அக்காவின் அடுக்குமாடி வீட்டு ஜன்னலில், அகலமான மண் தட்டில் நிற்கிறது. அடிமரம் பருத்து, தழும்பு பட்டையோடு பட்டையாகிவிட்டது. அப்பா போன பிறகு அம்மாவும் அங்கேதான் இருக்கிறாள். அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. யாராவது கேட்டால் அவளே நேராகச் சொல்லிவிடுவாள். போன ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது, எதிர் வீட்டுக்குப் புதிதாக வந்த பெண் மரத்தை அதிசயமாகப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் பெருசா வளராதா ஆன்ட்டி?" என்று அம்மாவிடம் கேட்டாள்.

அம்மா வெயில் படாத பக்கம் ஜன்னலைப் பார்க்கும்படி தட்டைத் திருப்பி வைத்தாள்.

"வளரும்மா. ஆனா எனக்கு இது போதும்."

உள்ளறையில் அக்காவின் லேப்டாப்பில் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த தட்டல் சத்தம் நின்றுவிட்டது.