இன்டர்நேஷனல் ஸ்கூல்ல படகு வாத்தியார்

வாத்தியார் வேலைல மொத நாளு, யாரு யாருக்குப் பாடம் எடுக்கறாங்கன்னே தெரியாது. புது வேலைல சேந்து முழிச்சவங்க எல்லாரும் நம்ம கூட்டம்தான், கேளுங்க. பழவேற்காடு ஏரிக்கரைல ஒரு இன்டர்நேஷனல் கிறிஸ்டியன் ஹாஸ்டல் ஸ்கூல். நான் படிச்சது அஞ்சாவது. கழி ஊணி படகு தள்ள சொல்லித் தரணும்னு கூப்ட்டாங்க. ஒரு நாள் பாத்துட்டு, வேலை உண்டா இல்லியான்னு சாயங்காலம் சொல்வாங்களாம். அதுக்குள்ள என் பொண்டாட்டி பொன்னேரி பஸ்ஸுல போறவன் வரைக்கும் "எங்க வூட்டுக்காரு இன்டர்நேஷனல் வாத்தியாரு"ன்னு சொல்லிட்டா. வேலை இல்லன்னா எந்த மூஞ்ச வச்சிகினு குப்பத்துக்குள்ள போறது?

ஜெபம்

காலைல ஸ்டாஃப் ரூம்ல பிரின்சிபல் மேடம், "புதுசா வந்தவங்கதான் இன்னிக்கு ஜெபம் பண்ணணும்"னு சொல்லிட்டு கண்ண மூடிட்டாங்க. மொத்த ரூமும் மூடிடுச்சு. எனக்குத் தெரிஞ்சது படகு எடுக்கும்போது கும்புடறது ஒண்ணுதான். "சாமி, காத்து திரும்பாம பாத்துக்கோ, போனவன முழுசா கரை சேத்துடு, இறால் கூடை கூடையா குடு"ன்னேன். எல்லாரும் "ஆமென்"னாங்க. வெளிய வந்ததும் ஹாஸ்டல் வார்டன் அம்மா காதுகிட்ட வந்து சொன்னாங்க:

"இறாலுக்குதான்பா நான் சத்தமா ஆமென் சொன்னேன்."

மீனு

வெள்ளிக்கெழமைன்னா கறி கெடையாதாம், மத்தியானம் மெஸ்ல மீனு. வெள்ளையா, சதுரமா, சோப்புக்கட்டி மாதிரி கீது. பொரட்டிப் பாத்தேன். தலை இல்ல, வாலு இல்ல, முள்ளே இல்ல. ஜன்னல் வழியா ஏரி தெரியுது, மீனு மட்டும் ஐஸ் பெட்டில எங்கேந்தோ வருது. பக்கத்துல ஷெரின்னு ஒரு பொண்ணு, துபாய்லேந்து வந்து படிக்கறா. "இன்னாம்மா, இது எந்த மீனு?"ன்னேன். ஸ்பூனால ஒரு துண்டு வெட்டிகினே சொன்னா:

"ஃப்ரைடே மீன், மாஸ்டர்."

பாடு

எங்க ஏரில பாடுன்னு ஒண்ணு உண்டு. இன்னிக்கு யாரு முறையோ அவன்தான் தண்ணில எறங்கலாம். மத்தவன் காலு நனைஞ்சா ஊரே கூடிடும். இங்க படகு ஒண்ணு, புள்ளைங்க நெறைய. நானும் பாடு பிரிச்சிட்டேன். பாதி படகுல, மீதி கரைல. "உங்க பாடு நாளைக்கு. தண்ணியத் தொட்டா அடுத்த பாடும் போச்சு"ன்னுட்டு கழிய ஊணினேன்.

கொஞ்ச நேரத்துல முதுகுக்குப் பின்னால சளக் சளக்னு சத்தம். திரும்பாமயே கத்திட்டேன், "யாரு அது? அறிவு கீதா? மேல ஏறு!" திரும்புனா, போட்டோ எடுக்கறதுக்கோசரம் பொடவைய தூக்கிப் புடிச்சிகினு முட்டித் தண்ணில பிரின்சிபல் மேடம். பொடவை ஓரத்தப் பிழிஞ்சிகினே மேல ஏறிட்டாங்க. கரைல குந்தியிருந்த ஷெரின் கையத் தூக்கிக் கேட்டா:

"மாஸ்டர், மேடத்துக்கு அடுத்த பாடும் போச்சா?"

தீர்ப்பு

சாயங்காலம் மேடம் ரூமுக்குக் கூப்ட்டாங்க. பொண்டாட்டிகிட்ட இன்னா பொய் சொல்லலாம்னு யோசிச்சிகினே போய் நின்னேன். மேடம் பொடவை இன்னும் காயல. கண்ணாடியக் கழட்டி தொடச்சி, திரும்ப மாட்டிகினு சொன்னாங்க:

"நாளைலேந்து டெய்லி வந்துடுங்க. ஆனா நாளைக்கு எங்க கரஸ்பாண்டன்ட் போட்டோ எடுக்க வர்றாரு, அவரு எறங்குனா மட்டும் கொஞ்சம் மெதுவா கத்துங்க."

மீன அடக்க வலை கீது, புள்ளைங்கள அடக்க விசில் கீது, பெரிய மனுஷங்கள அடக்கத்தான் மார்க்கெட்டுல இன்னும் ஒண்ணும் வரல.